ஆறு புள்ளிகளும் ஓர் ஆண்டுவிழாவும்



பள்ளி ஆண்டின் இறுதி நெருங்க நெருங்க, பங்குத்தந்தையரின் மேசைமீது அழைப்பிதழ்கள் குவிவது வழக்கம். ஆண்டுவிழா, விளையாட்டு விழா, கலைவிழா, கைவினைக் கண்காட்சி என அவற்றின் பெயர்கள் பல. அவற்றுள் பார்வையற்ற சிறாருக்கும், காது கேளாத சிறாருக்கும், அறிவு வளர்ச்சியில் குறைபாடுடைய சிறாருக்கும் நடத்தப்பெறும் சிறப்புப் பள்ளிகளின் அழைப்பிதழ்களும் இருக்கும். நம் குடும்பங்களில் பல இவ்விழாக்களுக்குச் செல்கின்றன. இரண்டு மணி நேரம் அமர்ந்து, கண் கலங்கி, கைதட்டி, இனிப்பு வழங்கி, வீடு திரும்புகின்றன.

இது நல்ல செயலே, இதில் ஐயமில்லை. ஆயினும், இவ்விழாக்களில் நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்பதை இம்மாதம் சற்று ஆழ்ந்து சிந்திப்பது பயன் தரும் என எண்ணுகிறோம். அப்பிள்ளை உருவாக்கிய பொருளையா? அல்லது அப்பிள்ளையைக் கண்டு நம் உள்ளத்தில் எழுந்த இரக்கத்தையா? இரண்டுக்கும் எழும் கையொலி ஒன்றே. ஆனால் அவற்றின் விளைவு பெரிதும் வேறுபடும். இதனை விளக்குவதற்கு, பார்வையற்ற சிறாருக்கான உலகின் முதற்பள்ளி தோன்றிய பாரிஸ் நகருக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

சந்தையில் கண்ட காட்சி

1771ஆம் ஆண்டு. பாரிசில் புனித ஒவிதியுவின் பெயரால் நடைபெற்ற சந்தையில் ஒரு சிற்றுண்டிக் கடை. கூட்டத்தைக் கவர்வதற்காக அக்கடைக்காரர் பார்வையற்ற ஏழை மனிதர் சிலரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். அவர்களுக்குக் கோமாளி அங்கிகளும் கூர்த்தொப்பிகளும் அணிவித்து, அட்டையால் செய்த பெரிய மூக்குக் கண்ணாடிகளை மாட்டி, எதிரே இசைத்தாள்களை வைத்து விளக்கும் ஏற்றியிருந்தார்கள். அவர்கள் அபசுரமாக வயலின் வாசிக்க, மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அக்கூட்டத்தில் சிரிக்காமல் நின்றார் ஓர் இளைஞர். அவர் பெயர் வாலன்டின் ஹவுயி. அன்று கண்ட இழிவு அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. இம்மனிதர்கள் உண்மையாகவே படிக்கும் நாள் வரவேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1784இல், ஆலய வாயிலில் பிச்சை ஏற்றுக்கொண்டிருந்த பிரான்சுவா லெசூர் என்ற பார்வையற்ற இளைஞனைத் தம் முதல் மாணவனாகச் சேர்த்துக்கொண்டார். பிச்சையால் கிடைத்த வருவாயை இழக்க அவ்விளைஞனின் குடும்பநிலை இடந்தரவில்லை. எனவே அத்தொகையைத் தாமே கொடுத்து அவனைப் படிக்க வைத்தார். ஒருநாள் மேசைமீது கிடந்த அழைப்பு மடல் ஒன்றின் அழுத்தமான அச்சை லெசூரின் விரல்கள் தடவி, எழுத்தை அடையாளங் கண்டுகொண்டன. அதிலிருந்து பிறந்தவையே, எழுத்துகளைத் தாளில் மேடாக எழும்பும்படி அச்சிட்ட நூல்கள். 1786 டிசம்பரில் ஹவுயியின் மாணவர்கள் வெர்சேய் அரண்மனையில் அரசர் பதினாறாம் லூயியின் முன்னிலையில் விரலால் படித்துக் காட்டினார்கள்.

சந்தையில் நின்றவர்களும் பார்வையற்றவர்களே. அரண்மனையில் நின்றவர்களும் பார்வையற்றவர்களே. சந்தைக்கூட்டம் அவர்களிடம் இல்லாததைப் பார்த்தது. அரசவை அவர்களுக்குத் தெரிந்ததைப் பார்த்தது. இன்று நாம் அச்சந்தைக்கூட்டத்தைப் போல் சிரிப்பதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். எனினும், மேடையில் ஒரு பிள்ளை பாடி முடிப்பதற்குள், “ஐயோ பாவம், கண் இருந்திருந்தால்!” என்று அருகிலிருப்பவரிடம் முணுமுணுக்கும்போது, நம் கவனம் எங்கே நிற்கிறது? சிரித்தவர்கள் நோக்கிய அதே இடத்தைத்தானே நாமும் கண்ணீரோடு நோக்குகிறோம்? பாட்டு எப்படி இருந்தது என்பதைக் கேட்பார் இல்லை.

ஒரு மாணவனின் படைப்பு

ஹவுயி நிறுவிய அதே பள்ளிக்கு 1819 பெப்ருவரியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். பாரிசுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்னும் சிற்றூரில், 1809 ஜனவரி 4ஆம் நாள் பிறந்த லூயி பிரெயில்தான் அவன். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை வைத்து விளையாடும்போது அது கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்ப்பிடித்து மறு கண்ணுக்கும் பரவவே, ஐந்து வயதுக்குள் இரு கண்களின் பார்வையும் முற்றிலும் போயிற்று.

அவ்வூர்ப் பங்குக்குரு பல்லுயி அடிகளார் செய்த பணியை நாம் இங்கே நினைவுகூர்வது கடமை. அவர் அச்சிறுவனைத் தம் இல்லத்திற்கு வரவழைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப்பள்ளி ஆசிரியரிடம் பேசி, பார்வையுள்ள பிள்ளைகளோடு அவனையும் வகுப்பில் அமரச் செய்தார். சிறுவனின் கூர்மதியைக் கண்டபின், ஊர்ப் பெருந்தனக்காரரின் துணையோடு பாரிஸ் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைக்க வழி செய்தார். ஒரு சிற்றூர்க் குருவின் இம்முயற்சி இல்லையேல் பின்னர் நிகழ்ந்தவை நிகழ்ந்திருக்குமோ என்பது ஐயமே.

பாரிஸ் பள்ளியில் ஹவுயி முறையில் அச்சிட்ட நூல்கள் இருந்தன. ஆனால் அவை பருத்தவை, பளுவானவை, எண்ணிக்கையிலும் மிகச் சில. வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் எழுத்துகளை விரல் ஒவ்வொன்றாகத் தடவிச் செல்ல நெடுநேரம் ஆயிற்று. அம்முறையில் படிக்கலாம், ஆனால் மாணவன் தன் எண்ணத்தைத் தானே எழுதிவைக்க இயலாது. 1821இல் முன்னாள் இராணுவ அதிகாரியான ஷார்ல் பார்பியே உருவாக்கிய புள்ளிமுறை அப்பள்ளிக்கு அறிமுகமாயிற்று. தாளில் ஊசியால் குத்தி எழுப்பும் புள்ளிகளை விரலால் படிக்கும் முறை அது. ஆனால் ஒவ்வோர் ஒலிக்கும் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. விரல்நுனி ஒரே தொடுகையில் அவற்றை உணர இயலவில்லை. நிறுத்தக் குறிகளுக்கும் அதில் இடமில்லை.

பன்னிரண்டு வயது லூயி அக்கருத்தைப் பற்றிக்கொண்டான். வகுப்பு முடிந்த இரவுகளிலும், விடுமுறையில் ஊர் சென்றபோதும், தாளும் ஊசியுமாக அமர்ந்து முயன்றான். 1824இல், பதினைந்தாம் வயதில், அவன் கண்ட முடிவு இதுவே: நிரைக்கு மூன்றாக இரண்டு நிரைகளில் ஆறு புள்ளிகள், அவை மாறி மாறி எழும்புவதால் 63 வடிவங்கள், ஒவ்வொரு வடிவமும் ஒரே விரல்நுனிக்குள் அடங்கும். ஹவுயியும் பார்பியேயும் நல்லெண்ணத்தோடு உழைத்தவர்களே. ஆனால் அவர்கள் கண்ணால் படித்துப் பழகியவர்கள். தன் விரலுக்கு எது தேவை என்பதை அறிந்தவன் அம்மாணவன் ஒருவனே. அவனது முறை 1829இல் நூலாக வெளிவந்தது. அந்நூலில் அவன் பார்பியேக்கு நன்றி கூறவும் தவறவில்லை.

வாசகர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று உலகெங்கும் பார்வையற்றோர் கையாளும் எழுத்துமுறை, அறிஞர் அவை ஒன்றிலோ அரசு அலுவலகம் ஒன்றிலோ பிறந்ததன்று. அது ஒரு சிறப்புப் பள்ளி மாணவனின் படைப்பு. நம் ஊர்ச் சிறப்புப் பள்ளியின் கண்காட்சியில், மூலையிலுள்ள ஒரு மேசைமீது ஒரு பிள்ளை தான் செய்ததை வைத்துக்கொண்டு நிற்பதைப் போன்றதே அது.

விழா செய்த நன்மை

ஆனால் அப்படைப்பு எளிதில் வரவேற்கப்படவில்லை. 1840இல் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற துபோ என்பவர் இப்புள்ளி எழுத்தை விரும்பவில்லை. பார்வையுள்ளோர் படிக்கவியலாத எழுத்து, பார்வையற்றோரைத் தனிமைப்படுத்தும் என்பது அவர் கருத்து. எனவே வழக்கமான எழுத்துகளின் உருவிலேயே மேடாக அச்சிட்ட வேறொரு முறையைப் புகுத்தி, பிரெயிலின் முறையைத் தடை செய்தார். மாணவர்களோ மறைவாக அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். தம் குறிப்புகளை எழுதுவதற்கும், ஒருவருக்கொருவர் மடல் வரைவதற்கும் அவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்நிலையை மாற்றியது ஒரு பள்ளி விழா. 1844 பெப்ருவரி 22ஆம் நாள் அப்பள்ளியின் புதிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. பெருமக்கள் கூடியிருந்த அவ்விழாவில், துணைத் தலைவராகிய குவாதே என்பவர் பிரெயில் முறையின் சிறப்பை விளக்கி உரை நிகழ்த்தினார். அத்தோடு நில்லாமல் ஒரு சோதனையும் நடந்தது. ஒரு மாணவி, சொல்லப்பட்ட கவிதையைக் கேட்டுப் புள்ளிகளில் எழுதினாள். அப்போது அவ்விடத்தில் இல்லாத வேறொரு மாணவி பின்னர் அழைத்து வரப்பட்டு, அத்தாளை விரலால் தடவிப் பிழையின்றிப் படித்தாள். அவையோர் வியந்தனர். துபோவும் தம் எதிர்ப்பைக் கைவிட்டிருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1854இல், அம்முறை அப்பள்ளியில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் இசைத்து, பக்தியுள்ள கத்தோலிக்கராக வாழ்ந்த பிரெயில் அதைக் காணவில்லை. 1852 ஜனவரி 6ஆம் நாள், காச நோயால், நாற்பத்து மூன்றாம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்திருந்தார்.

அவர் இறந்து நூறாண்டு நிறைந்த 1952இல் பிரெஞ்சு நாடு அவரது உடலைப் பாந்தியோன் மண்டபத்திற்கு எடுத்துச் சென்று பெருமை செய்தது. கூப்வ்ரே மக்களின் விருப்பப்படி அவருடைய கைகள் மட்டும் பிறந்த ஊரின் கல்லறையிலேயே இருக்கின்றன. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ‘பாரதி பிரெயில்’ 1951இல் வகுக்கப்பட்டது. நம் தமிழும் அதே ஆறு புள்ளிகளில்தான் பார்வையற்ற பிள்ளைகளின் விரல்களுக்கு எட்டுகிறது.

1844ஆம் ஆண்டு விழாவின் பயன் எதனால் விளைந்தது? அவையோர் இரக்கப்பட்டதனாலன்று. ஒரு பொருள் அவர்கள் முன் வைக்கப்பட்டது, அது சோதிக்கப்பட்டது, அது தேறியது. ஆகவே, சிறப்புப் பள்ளி விழாக்கள் வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒருபோதும் கூறமாட்டோம். முறையாக நடத்தப்பெறும் ஒரு விழா, மறைவில் கிடக்கும் ஒரு பிள்ளையின் ஆற்றலை ஊரறியச் செய்யவல்லது.

ஒத்திகையின் ஆபத்து

விழா பொய்யாகவும் போகலாம் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. இதற்குக் காது கேளாதோர் கல்வியின் பக்கம் திரும்பவேண்டும். 1760ஆம் ஆண்டையொட்டி, பாரிசில் எபே அடிகளார் என்னும் குரு, காது கேளாத இரு சகோதரியருக்கு மறைக்கல்வி புகட்ட விரும்பினார். தம் மொழியை அவர்கள்மேல் சுமத்தாமல், அவர்கள் கையாண்ட சைகைகளைத் தாம் கற்றுக்கொண்டு அவற்றின் வழியே பாடம் சொன்னார். காது கேளாத ஏழைச் சிறாருக்கு இலவசப் பள்ளியும் அவரால் உருவாயிற்று. அங்கிருந்து ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சைகைமொழிக் கல்வி பரவியது.

பின்னர், 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு கூடியது. 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒருவரே. பள்ளிப் பிள்ளைகள் மேடையேறி வாயால் பேசிக் காட்டினார்கள், அவையோர் கைதட்டினார்கள். அப்பிள்ளைகள் நெடுநாள் பயிற்றுவிக்கப்பட்டுப் பாடத்தை ஒப்பிக்கிறார்கள் என்று, காது கேளாத அந்த ஒரு பேராளரே ஐயுற்று எழுதினார். எனினும் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே மேல், சைகை விலக்கத்தக்கது என்று தீர்மானித்தது. தலைமை வகித்தவர் ஒரு குருவானவர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகைமொழி ஒதுக்கப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் பணி இழந்தார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் அத்தீர்மானத்தை மறுத்து வருத்தம் தெரிவித்தது. இடையே கடந்தவை 130 ஆண்டுகள்.

மிலானில் கைதட்டியவர்கள் தீயவர்கள் அல்லர். தாங்கள் காண விரும்பியதைப் பிள்ளைகள் செய்து காட்டியபோது மகிழ்ந்தார்கள், அவ்வளவே. இன்றைக்கும் நம்மிடையே இது நிகழலாம். நன்கொடையாளர் மகிழவேண்டும் என்பதற்காக, பொருள் புரியாத பாட்டுக்குப் பிள்ளைகளை வாரக்கணக்கில் ஆடப் பழக்கலாம். ஆசிரியை வரைந்த படத்தின் ஓரத்தில் பிள்ளையின் பெயரை எழுதி வைக்கலாம். அத்தகைய படத்தைவிட, கோணலாய் இருந்தாலும் அப்பிள்ளை தானே வரைந்த ஒரு கோடு மதிப்பு மிக்கது. பள்ளி நடத்தும் அருட்சகோதரிகளுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இது தெரியாததன்று. மெருகேறிய நிகழ்ச்சியையே எதிர்பார்த்து வரும் நம் போன்ற விருந்தினர்களாலேயே அவர்கள் இந்நெருக்கடிக்கு ஆளாகிறார்கள்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத ஒருவரை மக்கள் ஆண்டவரிடம் அழைத்து வருகிறார்கள். ஆண்டவர் முதலில் செய்தது என்ன? அவரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார். அம்மனிதரைக் காட்சிப்பொருளாக்க அவர் விரும்பவில்லை. பத்தாம் அதிகாரத்தில், பார்வையற்ற பர்த்திமேயுவை நோக்கி, அவர் விரும்புவது யாது என்று கேட்கிறார். பார்வையற்றவர் என்ன கேட்பார் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும், அம்மனிதரின் வாயால் அது வெளிவரக் காத்திருந்தார்.

சிறிய வெற்றிகள்

இங்கே ஒரு வினா எழக்கூடும். “சுவாமி, எல்லாப் பிள்ளைகளும் லூயி பிரெயில் ஆவார்களா? என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தன் சட்டைப் பொத்தானைத் தானே போட இவ்வாண்டுதான் கற்றிருக்கிறான். அவனுக்கு எந்த மேடை?” என்று ஒரு தாய் நம்மைக் கேட்டால் விடை என்ன? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு, மேதைகளைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

ஆண்டவர் கூறிய தாலந்து உவமையை மீண்டும் எடுத்துப் படித்துப் பாருங்கள். ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். தலைவன் இருவரிடமும் கூறும் பாராட்டு, சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருக்கக் காண்போம். ஐந்துக்காரனுக்கு நீண்ட பாராட்டும், இரண்டுக்காரனுக்குச் சுருக்கமான பாராட்டும் அங்கே இல்லை. தலைவன் அளந்தது ஒவ்வொருவனும் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தான் என்பதை.

நல்ல சிறப்புப் பள்ளிகளில் இம்முறையே கையாளப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. ஒருத்திக்கு இவ்வாண்டின் இலக்கு நூறு வரை எண்ணுவது. மற்றொருவனுக்குத் தன் கையால் சோற்றைப் பிசைந்து உண்பது. பொத்தான் போடுவது நமக்கு நொடிப்பொழுதில் முடியும் செயல். அதைப் பயிற்றும் ஆசிரியை, துளையைக் காண்பது, பொத்தானைப் பிடிப்பது, பாதி நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது எனச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் நாள்கள், சில வேளை வாரங்கள் செலவிடுகிறாள். அப்பிள்ளை கடைசிப் படியைத் தானே கடந்த நாள், அவ்வகுப்பறைக்கு உண்மையாகவே ஒரு திருநாள்.

சிறப்பு ஒலிம்பிக் விளையாட்டுகளும் இந்நெறியில் அமைந்தவையே. அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையோருக்காக யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அம்மையார் தொடங்கிய இவ்விளையாட்டுகள் 1968 ஜூலையில் சிக்காகோ நகரில் முதன்முறை நடைபெற்றன. இங்கே முதலில் முன்னோட்டப் போட்டிகள் நடத்தி, ஏறத்தாழ ஒத்த திறனுடையவர்களை ஒரே பிரிவில் சேர்க்கிறார்கள். பின்னரே பரிசுக்கான போட்டி. ஆகவே பதக்கம் பெறுபவர் இரக்கத்தால் பெறுவதில்லை. தமக்கு நிகரானவரோடு ஓடி வென்றே பெறுகிறார். 2023 ஜூனில் பெர்லின் நகரில் நடந்த உலகப் போட்டிகளில் இந்திய வீரர் வீராங்கனையர் 202 பதக்கங்கள் வென்று திரும்பினார்கள். கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் இல்லங்களில் எத்தனை பேர் இச்செய்தியை அறிந்திருக்கிறோம்?

எனவே அத்தாய்க்கு நம் விடை இதுவே: அம்மா, உம் மகன் பொத்தான் போட்டது ஒரு சாதனை. அதை உறவினர் கூடும் நாளில் அவன் பாட்டனாரிடமும் மாமாவிடமும் தலைநிமிர்ந்து சொல்லும். அவனை உள்ளறையில் இருத்திவிட்டு விருந்தினரை வரவேற்க வேண்டாம்.

விழாவுக்கு மறுநாள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறப்புப் பள்ளியின் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெழுகுவர்த்தி, சாக்பீஸ், காகித உறை, மிதியடி எனப் பிள்ளைகளின் கைவேலைகள் வரிசையாக இருந்தன. ஓரிடத்தில் பார்வையற்ற இளைஞன் ஒருவன் நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தான். வந்தவர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, “கண் தெரியாமலே எவ்வளவு அழகாகப் பின்னுகிறாய் தம்பி!” என்று கூறி, சட்டைப்பையில் பத்து ரூபாய் நோட்டைச் செருகினார். இளைஞன் அந்நோட்டை எடுத்துத் திருப்பி நீட்டினான். “ஐயா, உங்கள் வீட்டில் பின்னல் அறுந்த நாற்காலி இருந்தால் அனுப்பி வையுங்கள். ஒரு நாற்காலிக்குரிய கூலி அந்தப் பலகையில் எழுதியிருக்கிறது” என்றான். அவன் குரலில் சினமில்லை. தொழிலாளியின் தெளிவு இருந்தது.

அவன் கேட்டது மிகச் சிறியது. தன் பின்னல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் வேலை கொடுங்கள் என்பதே. பெற்றோரின் பெருங்கவலையும் இதுவே அன்றோ? பள்ளியில் இருக்கும்வரை விழாவும் மேடையும் உண்டு. பதினெட்டு வயது நிறைந்து வீடு திரும்பியபின் அப்பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? “எங்கள் காலத்திற்குப் பின் இவனுக்கு யார்?” என்று கேட்காத பெற்றோர் இல்லை. ஆறு முதல் பதினெட்டு வயதுவரை இத்தகைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமையாகும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. அவ்வயதிற்குப் பின் அவர்களை ஏற்கவேண்டியது ஊரும் பங்குமே.

பங்கு என்ன செய்யலாம்? பிரெயிலில் படிக்கத் தெரிந்த இளம்பெண்ணை ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க அழைக்கலாம். நன்கு பாடுபவனைப் பாடகர் குழுவில் சேர்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் தினமாகிய டிசம்பர் 3 அன்று மட்டுமன்று, ஆண்டு முழுவதும். காது கேளாதோர் உள்ள பங்குகளில் இளைஞர் இருவரேனும் சைகைமொழி கற்றுக்கொண்டு, மறையுரையை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். 2024 மே 2ஆம் நாள், கேரளத்தின் திருச்சூரில், திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த ஜோசப் தேர்மடம் குருத்துவத் திருநிலைப்பாடு பெற்றார். நம் நாட்டில் குருப்பட்டம் பெற்ற காது கேளாத முதல்வர் என்று அவர் அறியப்படுகிறார். சைகைமொழியில் திருப்பலி நிறைவேற்றுகிறார். நாம் யாருக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டிருந்தோமோ, அவர்களிடமிருந்தே நமக்கு ஒரு குரு கிடைத்திருக்கிறார்.

விழாவுக்குச் செல்லும் குடும்பங்களுக்குச் சில எளிய வேண்டுகோள்களோடு முடிக்கிறோம். பிள்ளையிடம் பேசுங்கள், உடன் நிற்கும் ஆசிரியையிடம் அவனைப் பற்றிப் பேசாதீர்கள். பார்வையற்ற பிள்ளையிடம் முதலில் உங்கள் பெயரைக் கூறுங்கள். கேளாமல் கையைப் பற்றி இழுக்காதீர்கள். காது கேளாத பிள்ளைகளைப் பாராட்ட, இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசையுங்கள். அதுவே அவர்கள் காணும் கைதட்டல். படைப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். விடை வர நேரமாகும், காத்திருங்கள். விலைக்கு வைத்த பொருளைப் பேரம் பேசாமலும், தேவைக்கு மேல் தருமமாகக் கொடுக்காமலும், உரிய விலைக்கு வாங்குங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் “உன் நிலைமைக்கு நன்றி சொல், இவர்களைப் பார்” என்று பாடம் புகட்டுவதற்காக அன்று, அப்பிள்ளைகளோடு விளையாடுவதற்காக. வீட்டில் பழுதுற்ற நாற்காலி இருந்தால் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

சிறப்புப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளையும், அவர்களோடு நாளெல்லாம் பொறுமையுடன் உழைக்கும் ஆசிரியர்களையும், இரவில் உறக்கமின்றி அவர்களின் எதிர்காலத்தை எண்ணும் பெற்றோரையும் இம்மாதம் உங்கள் குடும்பச் செபமாலையில் நினைவுகூருங்கள். இறைவனின் அருளும் அன்னை மரியாளின் துணையும் உங்கள் இல்லங்களில் நிலைத்திருப்பதாக.